ஐந்து கருச் செயலி

சின்னராஜ் தன் பத்து வருட உத்தியோகத்தில் மேலிடத்தைப் பார்த்து ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டான். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் எழுபத்து மூன்று குடும்பங்கள் அந்த வருஷத்துச் சாமையை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளியிருக்க வேண்டியதில்லை என்று அவன் இன்றைக்கும் நம்புகிறான். மேலிடம் அப்படி நம்பவில்லை. மேலிடத்துக் கோப்பில் அந்தச் சந்தேகம் ‘பாராட்டத்தக்க முன்முயற்சி’ என்று பதிவாகியிருக்கிறது.

ஜவ்வாது மலைமேல் நெல்லிக்கொல்லையில் சிறுதானியம், புளி விளைவிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உண்டு. முந்நூற்றுப் பத்து உறுப்பினர்கள், ஒரு கிடங்கு, ஒரு தராசு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு எழுத்தர். செயலாளர் நாற்காலி ஆறு வருடமாகக் காலி. அதனால் எழுத்தர் சின்னராஜே செயலாளர் பொறுப்பையும் பார்த்துக்கொண்டான். அவனும் அதே மலையில் மேல்கொட்டாய் என்ற குக்கிராமத்தில் பிறந்தவன்தான். அவன் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். நாற்காலிமீது அவனுக்கு மரியாதை அதிகம். அது போய்விடுமோ என்ற பயம் அதைவிட அதிகம்.

சங்கத்துக் கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பதரைக்குப் பொத்தானை அழுத்தினால் பத்தேகாலுக்குக் கண் விழிக்கும். விழித்த பிறகும் ஒரு கொட்டாவி, ஒரு நீல நிறம், ஒரு நீண்ட யோசனை. இதற்குள் மேலே இருக்கிற கொட்டாய்களிலிருந்து நடந்து வந்தவர்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஆடியில்தான் செய்தி வந்தது. வரும் அறுவடைக்குச் சாமையை அரசாங்கமே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும். ஒவ்வொருவர் பெயரும், நில எண்ணும், எத்தனை கிலோ என்பதும் கார்த்திகைக்குள் வலைத்தளத்தில் ஏற வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு நான்கு பெயர் ஏறும். கடவுள் கண் திறந்தால் ஐந்து. சின்னராஜ் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, மறுநாளே பஸ் பிடித்துப் போளூருக்கு இறங்கினான்.

கம்ப்யூட்டர் கடையில் பூஜா என்ற பெண் இருந்தாள். ஒரு பெட்டியைத் திறந்துபோட்டு, கையில் திருப்புளியோடு, நிமிராமலே கேட்டாள்.

“இன்னா வேலை சார் பண்ணப் போறீங்க அதுல?”

“பேரு ஏத்தணும். ரசீது அடிக்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்கணும்.”

“அவ்ளோதானா? அப்போ நாலு கோர் ப்ராசஸர் போதும் சார்.”

“கோர்னா?”

“அடுப்பு மாதிரி வெச்சுக்கோங்க. ரெண்டு அடுப்புன்னா ஒண்ணுல சோறு, ஒண்ணுல கொழம்பு. பால் காச்சணும்னா காத்துக்கினு இருக்கணும். நாலு இருந்தா எல்லாம் ஜல்தியா ஆயிடும். ஆறு, எட்டெல்லாம் கல்யாணச் சமையலுக்கு. வீடியோ எடிட் பண்றவங்க, கேம் ஆட்றவங்க வாங்குவாங்க. உங்களுக்கு எதுக்குத் தண்டமா? படம் காட்ற கார்டுகூடத் தனியா வேணாம், நாலு கோர்லயே உள்ள சேர்ந்து வருது. அதுல மிச்சம் ஆவுறதுல எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டுக்கோங்க, சட்டுனு தொறக்கும். எட்டு ஜிபி ராம். ஜம்முனு ஓடும்.”

எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரம். நாற்பதாயிரம் வரை சங்கத்துக்குத் தேவையானதை யாரையும் கேட்காமல் வாங்கிக்கொள்ளச் செயலாளர் பொறுப்பில் இருப்பவருக்கு அதிகாரம் உண்டு. துணைவிதி பதினான்கில் அச்சடித்து இருக்கிறது. சின்னராஜுக்கு அது மனப்பாடம். பூஜா ரசீதுப் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டாள்.

“ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்மா” என்றான் சின்னராஜ்.

இரண்டு வருடத்துக்கு முன் கிடங்குக்கு ஒரு தார்ப்பாய் வாங்கியிருந்தான். அது ஏன் நீலம், ஏன் பச்சை இல்லை என்று தணிக்கையில் பதினோரு விளக்கம் கேட்டார்கள். அந்த ஞாபகத்தில் அன்று சாயங்காலம் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினான். ‘நான்கு கோர் போதுமெனத் தோன்றுகிறது. ஆறு கோரும் கிடைக்கிறது. எது உகந்தது என வழிகாட்ட வேண்டுகிறேன்.’ எழுதி முடித்து இரண்டு முறை படித்தான். பணிவாக இருந்தது. மனைவி தேவயானியிடமும் படித்துக் காட்டினான்.

“இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?” என்றாள் தேவயானி. “கடைக்காரப் பொண்ணுதான் சொல்லிட்டாளே.”

“நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?”

தேவயானி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடிதம் மலைப்பயிர்க் கூட்டுறவு ஒருங்கிணைப்பு வாரியத்துக்குப் போயிற்று. வாரியத்தின் மண்டல அலுவலகம் போளூரில் ஒரு மாடியில் இருந்தது. சங்கங்களை ஒருங்கிணைப்பதற்காக அமைக்கப்பட்டது அது. ஒரு சங்கம் ஏதாவது செய்யக் கிளம்பினால், மற்ற சங்கங்கள் செய்யாமலிருப்பதைப் போலவே அதுவும் செய்யாமலிருக்கும்படி பார்த்துக்கொள்ளும்.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘கோர்’ ஆங்கிலச் சொல். தமிழில் எழுதித் திரும்பச் சமர்ப்பிக்கவும்.

சின்னராஜ் மறுபடி போளூருக்கு இறங்கினான். வாரியத்தின் தமிழ்ப் பயன்பாட்டு அலுவலர் இளவரசன், ஒரு பெரிய அகராதிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ‘கோர்’ என்ற சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தார்.

“உள்ளே இருக்கிறது. முக்கியமானது. அதுலேருந்துதான் எல்லாம் ஆரம்பம். அப்படித்தானே?”

“ஆமாங்க சார்.”

“அப்போ கரு.” நாற்காலியில் சாய்ந்தார். “ப்ராசஸர்னா செயலி. நான்கு கருச் செயலி. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. இந்த ஒரு சொல்லுக்காக நான் மூணு வருஷமா இந்தப் பதவியில காத்துக்கிட்டு இருந்தேன்னு வெச்சுக்கங்க. இதுக்கு முன்னாடி ஒரே ஒரு சொல்தான் வந்துச்சு. ஸ்டேப்ளர். அதுவே இன்னும் பரிசீலனையில இருக்கு.”

சின்னராஜ் அங்கேயே உட்கார்ந்து கடிதத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தான். ‘செயலிக்கு நான்கு கரு அல்லது ஆறு கரு, எது உகந்தது என வழிகாட்ட வேண்டுகிறேன்.’ தபால் பிரிவில் கடிதத்தைப் பிரித்தவர், கரு என்ற சொல்லைப் பார்த்ததும் அனுபவசாலியாகையால், தொழில்நுட்பக் கருத்துக்காக ஒரு கால்நடை மருத்துவருக்கு அனுப்பி வைத்தார்.

மருத்துவர் கடமை தவறாதவர். ஒரே வாரத்தில் பதில் எழுதினார். ‘ஒரே ஈற்றில் நான்கு கரு என்பது தாய்க்கும் கன்றுகளுக்கும் ஆபத்து. ஆறு என்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது. மலை மாட்டுக்கு ஒன்று, வெள்ளாட்டுக்கு இரண்டு. செயலி என்ற இனம் குறித்து என்னிடம் தகவல் இல்லை.’

வாரியம் இதைத் ‘தொழில்நுட்ப வல்லுநரின் மாற்றுக் கருத்து’ என்று கோப்பில் சேர்த்தது. கருத்து வேறுபாடு எழுந்துவிட்டபடியால் கள ஆய்வு தேவை என்று முடிவாயிற்று.

இதற்குள் புரட்டாசி பாதி போய்விட்டது. வலைத்தளம் திறந்துவிட்டது. சின்னராஜ் பழைய கம்ப்யூட்டரில் நாளுக்கு நான்கு பெயராக ஏற்றிக்கொண்டிருந்தான். மற்றவர்களைத் திருப்பி அனுப்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே பேசக் கற்றுக்கொண்டான்.

கள ஆய்வுக்கு மண்டல ஒருங்கிணைப்பாளர் குணசீலனே ஜீப்பில் ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, வளைவுகளில் வாந்தி எடுத்த களைப்பு. சங்க வாசலில் வரிசையில் காத்திருந்தவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“நான் வர்றேன்னு கூட்டம் சேர்த்திருக்கீங்க. நல்லது.”

“இல்லீங்க சார். இவங்க பேரு ஏத்த...”

“பயனாளிகள் கருத்தறியும் கூட்டம்னு எழுதிக்கங்க.”

முதலில் உட்கார்ந்திருந்தது சாந்தம்மாள். மேல்கொட்டாய்க்காரி, சின்னராஜுக்கு அத்தை முறை. விடிகாலையில் கிளம்பி நடந்து வந்திருந்தாள். அது அவளுக்கு இரண்டாவது நடை. முதல் முறை அவள் பெயரைப் பாதி ஏற்றும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. குணசீலன் அவள் எதிரே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார்.

“அம்மா, உங்க தேவைக்கு எத்தனை கரு இருந்தா சரியா இருக்கும்?”

சாந்தம்மாள் சின்னராஜைப் பார்த்தாள். “இன்னா கேக்கறாரு சின்னராசு?”

சின்னராஜ் வாயைத் திறந்தான். குணசீலன் கையை உயர்த்தினார். “நீங்க இடையில பேசக் கூடாது. பயனாளி சுயமா சொல்லணும். அம்மா, பயப்படாதீங்க. கரு. எத்தனை?”

சாந்தம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில், பேண்ட் போட்ட ஓர் ஆண்பிள்ளை இதைக் கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஆபீசர் கேட்கிறார். குரலைத் தாழ்த்தினாள்.

“அஞ்சு சார். மூணு நிக்குது. ரெண்டு தங்கல.” கீழே இறங்கும் பாதையைக் காட்டினாள். “அப்போ பஸ் கிடையாது. டோலி கட்டித் தூக்கினுதான் எறங்கணும். பாதி வழியிலயே...”

குணசீலன் எழுதினார். எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். “பயனாளி ஐந்து கரு கோருகிறார். இது நியாயமான கோரிக்கை. மலையில் போக்குவரத்து வசதிக் குறைவையும் அவர் சுட்டிக்காட்டினார்.” பிறகு பேனாவைச் சின்னராஜிடம் நீட்டினார். “சாட்சி.”

சாந்தம்மாள் சின்னராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற பார்வை. ‘சார், அந்தம்மா செத்துப்போன பிள்ளைகளைச் சொல்லுது’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த வரி நாக்கு வரை வந்தது. குணசீலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னராஜ் கையெழுத்துப் போட்டான்.

அன்று ஆய்வு நடந்ததால் ஒரு பெயரும் ஏறவில்லை.

ஐப்பசி கடைசியில் வாரியத்தின் கொள்முதல் குழு கூடியது. சின்னராஜுக்கு அழைப்பு வந்தது. குழுவில் எட்டுப் பேர். நான்கு பேர் நான்கு கருவுக்கு, நான்கு பேர் ஆறு கருவுக்கு. நான்கு கருக்காரர்கள் சிக்கனத்தை வலியுறுத்தினார்கள். ஆறு கருக்காரர்கள் வளர்ச்சியை வலியுறுத்தினார்கள். மதியச் சாப்பாடு வந்ததும் இரண்டு தரப்பும் ஒற்றுமையாகச் சாப்பிட்டார்கள். அதன்பின் குணசீலன் எழுந்து பேசினார்.

“நண்பர்களே, இந்த வாரியம் வேகத்துக்கு எதிரி கிடையாது. ஆனா வேகத்தை நிதானமாத்தான் கொண்டு வரணும். இன்னிக்கு ஒரு சங்கம் தானா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடுச்சுன்னு வெச்சுக்குவோம். வேலை முடிஞ்சுடும். வேலை முடிஞ்சுட்டா கடிதம் வராது. கடிதம் வரலன்னா கோப்பு ஏது? கோப்பு இல்லன்னா இந்த மாடிக்கு வாடகை எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். அப்போ நான் என்ன பதில் சொல்றது? அதனால நெல்லிக்கொல்லைச் சங்கத்தை நான் மனசாரப் பாராட்டறேன். அவங்களுக்கு வாங்கற அதிகாரம் இருந்துச்சு. இருந்தும் கேட்டாங்க. அந்தப் பண்பு எல்லாச் சங்கத்துக்கும் வரணும்.”

எட்டுப் பேரும் கை தட்டினார்கள். சின்னராஜுக்குக் காது சுட்டது. அவனுக்குத் தெரிந்து தன்னை யாரும் சபையில் பாராட்டியதே இல்லை. முதல் பாராட்டு இப்படி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“நாலும் ஆறும் கூட்டினா பத்து. ரெண்டா வகுத்தா அஞ்சு” என்று குணசீலன் தொடர்ந்தார். “பயனாளியும் அஞ்சுதான் கேட்டிருக்காங்க. சாட்சிக் கையெழுத்து இருக்கு. மக்கள் குரலும் கணக்கும் ஒண்ணாச் சேர்ற இடம் ரொம்ப அபூர்வம். ஐந்து கருச் செயலி வாங்கத் தீர்மானிக்கப்படுகிறது.”

சின்னராஜ் எழுந்தான். “சார், அஞ்சு கோர் கடையில கிடைக்காதுங்க. நாலு, ஆறு, எட்டு, அப்படித்தான்...”

“சின்னராஜ், கடையில கிடைக்கிறதைத்தான் வாங்கறதுன்னா குழு எதுக்கு?”

சின்னராஜ் உட்கார்ந்துவிட்டான்.

கார்த்திகை முடிந்தது. வலைத்தளம் மூடிக்கொண்டது. இருநூற்று முப்பத்தேழு பெயர் ஏறியிருந்தது; எழுபத்து மூன்று ஏறவில்லை. சாந்தம்மாள் மூன்று நடை நடந்தாள். மூன்றாவது நடை அன்றைக்குக் கரண்ட் இல்லை. அவளுக்கு ஆறு மூட்டைச் சாமை. சின்ன மகளைப் பிரசவத்துக்கு வேலூரில் சேர்த்திருந்தது. ஆலங்காயத்திலிருந்து வியாபாரி வண்டியோடு மேலே வந்து நின்றபோது, அவள் பேரம் பேசாமல் ஏற்றி அனுப்பினாள். அரசாங்க விலையில் பாதிக்கும் கீழே. எழுபத்து மூன்று வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை. யாரும் சின்னராஜைத் திட்டவில்லை. “பாவம், அந்த டப்பா மிஷினை வெச்சுக்கினு அவன் இன்னா பண்ணுவான்?” என்றார்கள். அவன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்க்காமல் போகத் தொடங்கினான்.

தை பிறந்ததும் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஒப்பந்தக்காரர் ராஜ்குமார் வேனில் கொண்டுவந்து இறக்கினார். பெட்டியின் முகப்பில் பெரிய தங்க நிற ஸ்டிக்கர்: 5. குணசீலன் வந்து ரிப்பன் வெட்டினார். உறுப்பினர்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவர் அவசரமாக ஜீப்பில் கிளம்பிப் போனார். அதன்பின் சின்னராஜ் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தான். பழையதைவிட ஐந்து நிமிடம் முன்னால் விழித்தது. உள்ளே போய் விவரத்தைத் தேடினான். கோர்: 2.

“ராஜ்குமார் சார், இதுல ரெண்டுன்னு போட்டிருக்கு.”

ராஜ்குமாருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாகப் பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றிக் காட்டினார். “ரெண்டு கோர். எண்ணிக்கங்க, மூணு ஃபேன். மொத்தம் அஞ்சு. அஞ்சுன்னுதான் சார் ஆர்டர்ல கீது. அஞ்சு இன்னான்னு கேட்டா யாருக்கும் தெரியல.”

“இது பழைய மிஷின் மாதிரி இருக்குதே.”

“புதுசாத் தொடைச்சுக் கொண்டாந்தது சார்.” ஒரு தாளை நீட்டினார். “ஐந்து கருவும் நல்ல நிலையில் இருப்பதைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து. அய்யா ஏற்கெனவே மேலொப்பம் போட்டுட்டாரு. பேஜார் வாணாம் சார்.”

மேலே குணசீலனின் பச்சை மைக் கையெழுத்து காய்ந்திருந்தது. அதைப் பொய்யாக்க ஒரு எழுத்தரால் முடியுமா? முடியும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. சின்னராஜ் அதைக் கேட்டான். கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போது சாந்தம்மாள் குரலைத் தாழ்த்திய விதம் ஞாபகத்துக்கு வரும். ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தேவயானியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்றாள் அவள். “எழுதிக் குடு. நீதான் நல்லா எழுதுவியே.”

எழுதினான். ‘நான் சரிபார்த்த இயந்திரத்தில் இரண்டு கோர்தான் உள்ளது. தெரிந்தே பொய்க் கையெழுத்திட்டேன். பயனாளி சொன்னதன் பொருள் தெரிந்தும் சாட்சிக் கையெழுத்திட்டேன். நானே வாங்கியிருக்கலாம், பயந்து கேட்டேன். எழுபத்து மூன்று பேரின் நஷ்டத்துக்கு நான் காரணம். தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.’ பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்த அன்று கொஞ்சம் சாப்பிட்டான்.

பதில் ஒன்பதே நாளில் வந்தது. வாரியத்தின் வரலாற்றிலேயே வேகமான பதில் அதுதான்.

‘பார்வையில் கண்ட தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. வாரியத்தின் அதிகாரப் பகிர்வு ஆணையின்படி, எழுத்தர் நிலையில் கவனக்குறைவு மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளது. தவறு செய்யும் அதிகாரம் மேற்பார்வையாளர் நிலை முதல் தொடங்குகிறது. முறைகேடு என்பது ஒருங்கிணைப்பாளரின் தனிப்பட்ட அதிகார வரம்புக்கு உட்பட்டது. தாங்கள் தங்கள் நிலைக்கு மேற்பட்ட குற்றத்தைக் கோரியிருப்பதால், தங்கள் குற்ற உணர்ச்சி ஏற்கப்படாமல் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.’

அவன் கடிதமே இணைப்பாகத் திரும்பி வந்திருந்தது. மூலையில் துளை போட்டு நூல் கோத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னராஜ் மேல்கொட்டாய்க்கு நடந்து போனான். சாந்தம்மாள் புளி உலுக்கிக்கொண்டிருந்தாள். கீழே விழுந்ததைப் பொறுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அவனும் குனிந்து பொறுக்கிக்கொண்டே சொன்னான். முதலில் இரண்டு கோர் பற்றி. பிறகு கடையில் பூஜா சொன்னது. பிறகு அந்தக் கேள்வியின் உண்மையான அர்த்தம்.

அவள் கை நின்றது.

“அப்போ அந்த ஆளு எம் புள்ளைங்களைக் கேக்கல.”

“இல்ல அத்தே.”

“மிஷினைத்தான் கேட்டாரு.”

“ஆமா அத்தே.”

“உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

சாந்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “செத்ததுங்களை நான் யாருகிட்டயும் சொன்னது கிடையாது, சின்னராசு. வூட்ல அவருகிட்டகூட பேசறது இல்ல. சர்க்காரு கேக்குது, ஏதோ நல்லதுக்குத்தான் கேக்குதுன்னு அத்தினி பேரு முன்னாடி சொன்னேன். நீ கம்னு நின்ன.”

“பயந்துட்டேன் அத்தே. மன்னிச்சிடு.”

“மன்னிப்பெல்லாம் உங்க ஆபீசுல கேளு.”

“கேட்டேன். இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

அவள் அவனைப் பார்த்தாள். சிரிப்பு வருகிற மாதிரி உதடு அசைந்தது, வரவில்லை. “எங்கிட்டயும் இல்ல. எனக்குத் தனியா வந்து சொன்னா எப்படி? மீதி எழுவது பேருக்கும் யாரு சொல்லுவா? கூட்டம் போடு. அங்க சொல்லு.”

மாசி முதல் வாரத்தில் பொதுக்குழுவைக் கூட்டினான். கிடங்குக்குள் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். சங்கத் தலைவர் கோபால்சாமி, மேல்கொட்டாய்ப் பக்கத்து விவசாயி, அதிகம் பேசாதவர், தராசு மேடையில் உட்கார்ந்திருந்தார். சின்னராஜ் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சாந்தம்மாளிடம் கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அது அவளுடையது என்று அவளைப் பார்த்தபடி விட்டுவிட்டான்.

கோபால்சாமி கேட்டார். “அந்தக் கடையில கேட்ட மிஷினை வாங்கணும்னா இப்போ யாரைக் கேக்கணும்?”

“யாரையும் கேக்க வேணாங்க. எனக்கே அதிகாரம் கீது.”

“எப்போலேருந்து?”

“மொதல்லேருந்தே.”

பின்வரிசையில் ஓர் ஆள் எழுந்து வெளியே போனார். அவர் பின்னாலேயே இன்னும் நான்கு பேர் போனார்கள். ஒருவர் போகும்போது சின்னராஜின் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினார். அது வாசலுக்கு வெளியே விழுந்தது. ஆனாலும் அவனுக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இத்தனை மாதமாக யாராவது இப்படிச் செய்ய மாட்டார்களா என்று தான் காத்திருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

“நாளைக்கே போயி வாங்கியா” என்றார் கோபால்சாமி. கூட்டம் முடிந்தது. தீர்மானத்துக்கு ஆன நேரம் ஒரு பீடி.

விடுபட்ட பெயர்களுக்காக வலைத்தளத்தை மாசியில் பத்து நாள் மறுபடி திறந்திருந்தார்கள். சாமை கையிருப்பில் இருப்பவர்கள் விற்கலாம். இல்லாதவர்கள் பெயரை மட்டும் ஏற்றி வைத்தால் அடுத்த வருஷப் பட்டியலில் வரும். புதுக் கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, தங்க ஸ்டிக்கர் ஒட்டியதைக் கிடங்கு மூலைக்குத் தள்ளிவிட்டு, சின்னராஜ் பொத்தானை அழுத்தினான். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவதற்குள் திரை வந்துவிட்டது. முதல் பெயர் இரண்டு நிமிடத்தில் ஏறியது. அவன் நம்பாமல் இன்னொரு முறை சரிபார்த்தான். அடுத்தது. அதற்கடுத்தது. மறுபக்கம் அச்சு இயந்திரம் ரசீதைத் துப்பிக்கொண்டே இருந்தது. வரிசை உட்காரக்கூட நேரமில்லாமல் நகர்ந்தது. மதியச் சாப்பாட்டு வேளைக்குள் எழுபத்திரண்டு பெயர் முடிந்துவிட்டது.

எழுபத்திரண்டு பெயர், ஒரு காலைப்பொழுது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஒவ்வொரு பெயரும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகப் போக, சின்னராஜுக்கு ஆடியில் பூஜா எடுத்த ரசீதுப் புத்தகமே நினைவில் நின்றது. இவ்வளவுதானா? இதற்குத்தானா?

கடைசியில் சாந்தம்மாள் வந்தாள். அவன் கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பெயர் போட்டான். ஊர் போட்டான். நில எண் போட்டான். அடுத்த கட்டத்தில் கர்சர் நின்று கண் சிமிட்டியது. கையிருப்பு, கிலோவில்.

“இன்னா கேக்குது?” என்றாள்.

“எவ்ளோ சாமை கீதுன்னு.”

“சாமை ஏது?”

“காலியா வுட்டா ஏத்துக்காது அத்தே. ஏதாவது ஒரு நெம்பர் போடணும்.”

“சைபர் போடு.”

அவன் விரல் அந்தப் பொத்தானின்மேல் நின்றது. போடாமல் நின்றது.

“போடு சின்னராசு. பஸ்ஸு வந்துரும்.”

போட்டான். மற்ற எல்லாரையும்போலவே அவளையும் கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.